லிஸ்பனில் மூன்று நாள்: ஏற எந்திரம், இறங்கக் கால்

முதல்முறை போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன் போனபோது அல்ஃபாமா பகுதியில் அறை எடுத்திருந்தேன். டிராம் நிறுத்தத்திலிருந்து 400 மீட்டர் என்று காட்டியது கைபேசி வரைபடம். ஐந்து நிமிட நடைதானே என்று பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினோம். அந்த 400 மீட்டரில் பாதிக்கு மேல் படிக்கட்டு. கூட வந்த அம்மா மூன்றாவது திருப்பத்தில் யாரோ ஒருவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பெட்டியை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்ப இறங்கி வந்து, அவர் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது.

லிஸ்பன் நடந்தே பார்க்கக்கூடிய நகரம்தான். பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் ஏழு குன்றுகளின் நகரம் என்று பெயரெடுத்த ஊரில் தூரத்தை வைத்துத் திட்டம் போட்டால் முழங்கால் போய்விடும். உயரத்தை வைத்துத் திட்டமிட வேண்டும். ஏறுவதற்கு டிராம், பஸ், லிஃப்ட், எஸ்கலேட்டர் என்று கிடைப்பதைப் பயன்படுத்துங்கள், இறங்கும்போது நடங்கள். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தால் எழுபது வயதுப் பெற்றோரையும் அழைத்துப் போகலாம்.

விசாவும் விமானமும்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) குறுகிய கால விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசி வரம்பு 15 நாள். கோடைக்காலத்தில் விசா மையத்தில் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் இரண்டு மூன்று மாதம் கையில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகளைவிட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் கடவுச்சீட்டு மூன்று மாதம் செல்ல வேண்டும். இரண்டு பக்கமாவது வெற்றாக இருக்க வேண்டும். பல நாடுகளுக்குப் போவதானால் அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பம்.

துபாய் வழியாக வந்தால் குடியேற்றச் சோதனை லிஸ்பனில் நடக்கும். ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஐரோப்பிய விமான நிலையத்தில் மாறினால் அங்கேயே நடந்துவிடும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் முதல்முறை வருபவர்களின் விரல் ரேகையையும் முகத்தையும் பதிவு செய்கிறார்கள். வரிசை மெதுவாக நகரும். ஆகவே இடையில் ஒன்றே கால் மணி நேரம் மட்டும் விட்டு இணைப்பு விமானம் எடுக்காதீர்கள். மூன்று மணி நேரம் இருந்தால் நிம்மதி.

ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய, பிறகு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை, நடப்பதற்கு ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை வரும். குளிர் பிற ஐரோப்பியத் தலைநகரங்கள் அளவுக்கு இராது. ஜூன் 12 இரவு புனித அந்தோனியார் திருவிழா. அல்ஃபாமா சந்துகளெல்லாம் மத்தி மீன் சுடும் புகை நிறைந்திருக்கும். விழா பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் வாருங்கள். தூக்கம் முக்கியம் என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

எங்கே தங்குவது

பைஷா. முதல்முறை வருபவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம். இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஆற்றங்கரை வரை நீளும் சமதளம் அது. இந்த ஊரில் இப்படி நேர்கோட்டுத் தெருக்கள் எப்படி வந்தன என்று வியப்பாக இருக்கும். 1755 நவம்பர் 1, எல்லாப் புனிதர்கள் திருநாள் காலையில் பெரும் நிலநடுக்கம் வந்தது. அடுத்து ஆற்றிலிருந்து ஆழிப்பேரலை, பிறகு நாள்கணக்கில் தீ. நகரத்தின் நடுப்பகுதி தரைமட்டமானது. பின்னாளில் பொம்பால் பிரபு என்று அழைக்கப்பட்ட அமைச்சரின் மேற்பார்வையில் பைஷாவைக் கட்டம் கட்டமாக வகுத்துப் புதிதாக எழுப்பினார்கள். மீண்டும் நிலம் அதிர்ந்தாலும் தாங்குவதற்காகச் சுவருக்குள் மரச்சட்டங்களைக் கூண்டுபோலப் பின்னினார்கள். பொற்கொல்லர் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு என்று தொழிலின் பெயரையே தெருவுக்கு வைத்தார்கள். அந்தப் பெயர்கள் இன்றும் மாறவில்லை.

அல்ஃபாமா நிலநடுக்கத்தில் ஓரளவு தப்பிய பழைய பகுதி. சந்துகள் வளைந்து வளைந்து போகும். பார்க்க மிக அழகு. பெட்டியுடன் தங்கப் போனால் என் அம்மாவுக்கு நேர்ந்ததுதான் நேரும். அங்கேதான் தங்குவேன் என்பவர்கள் முதுகில் மாட்டும் பையோடு வாருங்கள். அறை எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. எங்கே தங்கினாலும் 13 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் இரவுக்கு 4 யூரோ நகர வரி உண்டு. ஏழு இரவு வரைதான் வசூலிப்பார்கள்.

அந்த அல்ஃபாமா வீட்டில் அறையைத் திறந்துவிட்ட மூதாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. எங்களுக்குப் போர்த்துகீசியம் தெரியாது. அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனார்: ஷாவ், ஜனேலா, மேசா, அர்மாரியு, துவால்யா. அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, துவாலை! பதினாறாம் நூற்றாண்டில் நம் கரைக்குக் கப்பலில் வந்து இறங்கிய சொற்கள் அவை. அம்மா கண்ணாடிக் கோப்பையைக் கையில் எடுத்து "கோப்பை" என்றார். அந்த மூதாட்டி "கோப்பு, கோப்பு" என்று சொல்லி அவர் தோளைத் தட்டினார். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் கோத்து அச்சிட்ட நூல் ஒன்று 1554-இல் வெளிவந்ததும் இதே லிஸ்பனில்தான். இதோடு இரண்டு சொல் சேர்த்துக்கொண்டால் போதும். காலை வணக்கத்துக்கு "போங் தியா". நன்றிக்கு ஆண்கள் "ஒப்ரிகாது" என்பார்கள், பெண்கள் "ஒப்ரிகாதா" என்பார்கள்.

விமான நிலையத்திலிருந்து

விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, வாசலிலேயே மெட்ரோ. சிவப்புப் பாதையில் ஏறி அலமேடாவில் பச்சைப் பாதைக்கு மாறினால் ரோசியு, அடுத்து பைஷா-ஷியாது. மொத்தம் அரை மணி நேரப் பயணம்.

நிலையத்தில் இயந்திரத்திடம் நவெகாந்தே அட்டை வாங்க வேண்டும். அட்டையின் விலை 50 சென்ட். ஆளுக்கு ஒன்று கட்டாயம். அதில் 24 மணி நேரச் சீட்டை ஏற்றினால் சுமார் 7 யூரோ ஆகும். முதல்முறை அட்டையைத் தொட்ட நிமிடத்திலிருந்து 24 மணி நேரம் மெட்ரோ, பஸ், டிராம் எல்லாவற்றிலும் செல்லும். நாள்கணக்கில் இல்லை, மணிக்கணக்கில் என்பதைக் கவனியுங்கள்: இன்று மாலை 4 மணிக்குத் தொட்டால் நாளை மாலை 4 வரை. டிராமுக்குள் ஓட்டுநரிடம் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினால் ஒவ்வொரு முறையும் கூடுதல் விலை.

முதல் நாள் மாலை: ஊரை எதிர்க்கரையிலிருந்து பாருங்கள்

வந்து இறங்கிய அன்று குன்று ஏறாதீர்கள். ரோசியு சதுக்கத்தில் தொடங்குங்கள். தரையில் கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாகக் கல் பதித்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டு வேலை அது. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கற்களை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டி இறக்கும் கைத்தொழில். பழுது பார்க்கும் ஆட்கள் மண்டியிட்டு வேலை செய்வதைத் தெருவில் எங்காவது பார்க்க நேர்ந்தால் நின்று பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: காலங்காலமாகத் தேய்ந்து வழவழத்த கல் அது. மழைத்தூறல் விழுந்தால் எண்ணெய் கொட்டிய தரைபோல வழுக்கும். நல்ல பிடிமானமுள்ள ரப்பர் அடிக் காலணி அவசியம். புதுச் செருப்போ வழவழப்பான அடியுள்ள ஷூவோ வேண்டவே வேண்டாம்.

ரோசியுவிலிருந்து ருவா அகுஷ்டா வழியாக நேரே நடந்தால் பெரிய வளைவைத் தாண்டி பிராசா து கொமேர்சியு சதுக்கத்துக்கு வந்துவிடுவீர்கள். மூன்று பக்கம் மஞ்சள் கட்டடங்கள், நான்காவது பக்கம் டேகஸ் ஆறு. உள்ளூரார் அதைத் தேஜு என்பார்கள். கரையில் இரண்டு தூண்களுக்கு நடுவே சலவைக்கல் படிகள் தண்ணீருக்குள் இறங்கிப் போகும்.

அங்கிருந்து ஆற்றோரமாகவே வலப்பக்கம் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் காய்ஷ் து சுத்ரே படகுத்துறை. காசில்யாஷ் போகும் படகில் ஏறுங்கள். பத்து நிமிடத்தில் எதிர்க்கரை. இது சுற்றுலாப் படகில்லை. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் செல்லும் அன்றாடப் படகு, கட்டணமும் அதற்கேற்றாற்போல் குறைவு. இதற்கு மட்டும் இன்னோர் அட்டையை 50 சென்ட்டுக்கு வாங்கித் தனியே பணம் ஏற்றிக்கொண்டால் குழப்பம் இராது.

முதல் நாளே இந்தப் படகை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், ஊரின் ஏற்ற இறக்கம் மொத்தமும் அங்கிருந்துதான் ஒரே பார்வையில் விளங்கும். வலப்பக்கம் கோட்டை நிற்கும் குன்று, அதன் சரிவில் கொட்டிவிட்டதுபோல் அல்ஃபாமா வீடுகள். நடுவே பள்ளமாக பைஷா. இடப்பக்கம் ஷியாது குன்று. இன்னும் இடப்புறம் 1966-இல் திறந்த சிவப்புத் தொங்குபாலம், அதற்கும் அப்பால் பெலேம். வரைபடத்தில் எவ்வளவு பார்த்தாலும் மனத்தில் ஏறாத விஷயம் இந்தப் பத்து நிமிடத்தில் பதிந்துவிடும். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பு அக்கரையில் இருப்பதுபோல் கிளம்புங்கள். ஜூனில் அஸ்தமனம் 9 மணியை ஒட்டி. டிசம்பரில் 5 மணி தாண்டியதும் இருட்டிவிடும்.

இரண்டாம் நாள்: உச்சியிலிருந்து இறங்குங்கள்

பெரும்பாலோர் கீழேயிருந்து கோட்டையை நோக்கி ஏறி, பாதியில் களைத்து, பாக்கியை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். காலை எட்டு மணிக்குள் மார்த்திம் மொனீஸ் சதுக்கத்துக்குப் போய் 28-ஆம் எண் டிராமில் ஏறுங்கள். 1930-களின் மரப்பெட்டி டிராம். சந்து திரும்பும்போது வீட்டுச் சுவர் கைக்கு எட்டும் தூரத்தில் உரசிப் போகும். ஒன்பது மணிக்குமேல் வரிசை நீண்டுவிடும், உள்ளே நிற்கவும் இடமிருக்காது. பிக்பாக்கெட் திருடர்களுக்கு அதுதான் நேரம். ஒருமுறை என் முன்னால் நின்றிருந்த பெண்மணியின் முதுகுப்பை முழுவதும் திறந்து தொங்கியது. நான் சொல்லும்வரை அவருக்குத் தெரியாது. பையை மார்புப் பக்கம் மாட்டுங்கள். கால்சட்டையின் பின்பையில் எதுவும் வேண்டாம். கடவுச்சீட்டை அறையில் பூட்டிவிட்டு நகலைக் கொண்டுபோங்கள்.

கிராசா நிறுத்தத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் செஞோரா து மோன்தே காட்சிமாடம். நகரத்தின் உயரமான காட்சிமாடங்களில் ஒன்று. இனி எல்லாம் இறக்கம். கிராசா மாடம், சாவோ விசென்தே தேவாலயம், அதன் பின்புறம் செவ்வாயும் சனியும் கூடும் பழம்பொருள் சந்தை, அப்புறம் போர்தாஷ் து சோல் மாடம். அங்கே நின்றால் அல்ஃபாமா முழுவதும் காலடியில். பக்கத்துப் படிகளில் இறங்கும்போது கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அந்தச் சந்துகளில் வரைபடமும் திணறும். இறங்கிக்கொண்டே போனால் ஆறு வந்துவிடும்; வழி தவற வாய்ப்பில்லை. துணி காயும் கொடிகள், ஜன்னலிலிருந்து ஜன்னலுக்கு நடக்கும் பேச்சு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். இவை மக்கள் வாழும் வீடுகள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

கோட்டைக்குள் போக விரும்பினால் பிராசா த ஃபிகெய்ராவிலிருந்து 737-ஆம் எண் பஸ் வாசல் வரை போகும். இல்லாவிட்டால் உள்ளூராரின் வழி: பைஷாவில் ருவா துஷ் ஃபான்கெய்ருஷ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் இலவச லிஃப்ட் இருக்கிறது. மேலே வெளியேறிச் சிறிது நடந்தால் ஷாவோ து லோரெய்ரு பழைய சந்தைக் கட்டடத்தில் இன்னொரு லிஃப்ட். இரண்டும் சேர்ந்து ஏற்றத்தில் பெரும்பகுதியைக் காலுக்கு வேலை வைக்காமல் கடத்திவிடும்.

பிற்பகலில் எதிர்க்குன்று. பைஷா-ஷியாது மெட்ரோ நிலையத்தின் கீழ்வாசலில் நுழைந்தால் எஸ்கலேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஷியாதுவுக்கே ஏற்றிவிடும். சீட்டுத் தடுப்புக்கு வெளியே போகும் வழி என்பதால் பணம் வேண்டாம். 1902-இல் கட்டிய சாந்தா ஜுஷ்தா இரும்பு லிஃப்ட் இயங்கும் நாளானால், அதில் ஏற நீண்ட வரிசையில் நிற்பவர்களைப் பார்ப்பீர்கள். அதே உயரத்துக்கு கார்மு மடத்தின் பின்புறமாக நடந்தே வந்துவிடலாம். கார்மு மடத்தை மட்டும் தவற விடாதீர்கள். 1755-இல் கூரை விழுந்த தேவாலயத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். கல் வளைவுகளுக்கு மேலே வெறும் வானம். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். வாசலில் உள்ள சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று மக்கள் திரண்டு நிற்க, பல பத்தாண்டுக் கால சர்வாதிகாரம் சரணடைந்தது. படைவீரர்களின் துப்பாக்கி முனையில் மக்கள் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள்.

ஒரு முக்கியமான செய்தி. பழனியில் விஞ்ச் என்போமே, அதுபோல் கம்பிவடம் இழுக்கும் வண்டிகள் இங்கே சரிவான தெருக்களில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடிவந்தன. 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியா வண்டி தடம்புரண்டு 16 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் மற்ற வண்டிகளையும் சோதனைக்காக நிறுத்தினார்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பி அவற்றில் ஏறலாம் என்று திட்டம் போடாமல், போகும் வாரத்தில் எது ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: பெலேம்

மையத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் மேற்கே. 15-ஆம் எண் டிராம் போகும். அங்கே எல்லாம் சமதளம், கால்களுக்கு ஓய்வு. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்; ஜெரோனிமுஷ் மடம் அன்று விடுமுறை. மடத்தின் உள்முற்றத்துக்குக் கட்டணம் உண்டு, தேவாலயத்துக்கு இல்லை. நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1497-இல் இந்த ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டு 1498 மே மாதம் கோழிக்கோடு வந்தவர் 1524-இல் கொச்சியில் இறந்தார். உடலை முதலில் அங்கேதான் புதைத்தார்கள். கல்லறைமீது செதுக்கிய கயிறும் கப்பலும் நேர்த்தியான வேலை. அவருடைய பீரங்கிகள் நம் மலபார்க் கரையில் செய்த கொடுமையை அந்தக் கல் சொல்லாது. தெரிந்துகொண்டு போவது நம் கடமை.

1837 முதல் நடக்கும் பெலேம் கடையில் முட்டைக்கரு நிரப்பிய பஷ்தேல் என்ற சிறு இனிப்புப் பண்டம் சுடச்சுடக் கிடைக்கும். வாங்கிப்போகும் வரிசையைப் பார்த்து மலைக்காமல் உள்ளே போனால் பெரிய கூடங்களில் இடம் கிடைக்கும். பட்டைப்பொடி தூவி, ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். முட்டை சேர்க்காதவர்களுக்கு இது ஆகாது.

லிஸ்பனுக்கு வெளியே உள்ள சிந்த்ரா அரண்மனைகளுக்கும் ஒருநாள் போகலாமா என்று கேட்பார்கள். மூன்று நாள் பயணத்தில் வேண்டாம் என்பேன். அதற்கு முழுநாள் தனியே வேண்டும்.

சாப்பாடு

மதியம் சிறு உணவகங்களில் "பிராத்து து தியா" என்று கேளுங்கள். அன்றைய சாப்பாடு, சுமார் 10 யூரோவை ஒட்டி வரும். நீங்கள் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் கொண்டுவந்து வைப்பார்கள். தொட்டால் கணக்கில் சேரும். வேண்டாமென்றால் சிரித்தபடி எடுத்துக்கொண்டு போகச் சொல்லலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. சைவர்கள் "செங் கார்னே, செங் பெய்ஷ்" என்று சொல்ல வேண்டும்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். கீரை சூப்பான கால்து வெர்தேயிலும் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும், ஆகவே முன்கூட்டியே கேளுங்கள். மார்த்திம் மொனீஸ் பக்கத்துத் தெருக்களில் தெற்காசியக் கடைகள் நிறைய இருப்பதால் சோறும் பருப்பும் கிடைப்பது சிரமமில்லை. காப்பிக்கு "பிக்கா" என்றால் சிறு கோப்பையில் கடுங்காப்பி. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். பாட்டில் ஒன்று கையில் இருக்கட்டும்.

திரும்பும் நாள்

மெட்ரோ காலை ஆறரைக்குத்தான் தொடங்கும். விமானம் அதிகாலையில் என்றால் முந்தின இரவே டாக்சி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பைஷா அறையிலிருந்து பெட்டியைச் சமதளத்திலேயே ரோசியு நிலையம் வரை உருட்டிக்கொண்டு போய், பச்சைப் பாதையில் ஏறி, அலமேடாவில் சிவப்புக்கு மாறிவிடலாம்.